இரண்டு பூட்டு

மல்லாவிச் சந்தியில், டயர்க் கடைக்குப் பக்கத்தில்
எங்கள் கட்சி இருக்கிறது.
வாடகை மூன்று மாதம் பாக்கி.
கதவில் இரண்டு பூட்டு.

மேலே பித்தளை, தலைவர் அருந்தவராசாவுடையது.
கீழே புதிசு, விலைச்சீட்டின் பசை இன்னும் போகாதது,
செயலாளர் குகநேசன் போட்டது.
ஒன்றோடொன்று உரசாமல் தொங்குகின்றன,
அவர்களைவிட மரியாதையாக.

அறுநூற்றுப் பதினொரு வாக்கு.
அதற்கு ஒரு போனஸ் ஆசனம்.
அந்த ஒன்றும் கிடைக்காமல் விட்டிருந்தால்
இன்றைக்கும் ஏழு பேரும்
ஒரே பிளேன்ரீக் கேத்திலைச் சுற்றி இருந்திருப்போம்.
தோற்றுக்கொண்டிருந்த காலத்தில்
நாங்கள் நல்ல ஒற்றுமை.

கூட்டறிக்கை எழுதுவது நான், பத்மலோஜினி.
மகளிர் அணியும் நான்தான், முழுவதும்.
அன்றைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:
தலைவர் தன் மருமகனின் பெயரைப் பிரேரித்தார்.
செயலாளர் தன் பெயரைத் தானே பிரேரித்தார்.
பொருளாளர் செபமாலை மின்விசிறியை நிற்பாட்டச் சொன்னார்.
அதன் பிறகு பேசப்பட்டவை
பதியத் தக்கவை அல்ல.

பதியாததை இங்கே சொல்லலாம்.
ஒருவர் மற்றவரைக் கேட்டார்:
இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம்,
நீ எந்தப் பக்கம் நின்றனி?

யாப்பில் இல்லாத, ஆனால்
ஏழு பேரும் மீறாத ஒரே விதி அது,
அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பது.
டயர்க் கடைக் கம்பிரசர்கூட
அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.
கேட்டது யார் என்று எழுதமாட்டேன்.
கேட்டவருக்கும் கை நடுங்கியது.

அடுத்த நாள் தேர்தல் திணைக்களத்துக்கு
இரண்டு கடிதம் போயின.
ஒன்றில் தலைவர் செயலாளரை நீக்கியிருந்தார்.
மற்றதில் செயலாளர் தலைவரை.
திகதி ஒன்று, எழுத்துப்பிழையும் ஒன்று:
'ஒளுக்காற்று நடவடிக்கை.'
பதினாறு வருஷம் ஒரே கட்சி அல்லவா.

செபமாலை அண்ணை வேறு கட்சிக்குப் போய்விட்டார்.
கேத்தில் அவருடையது, அதுவும் போனது.

றப்பர் முத்திரை உள்ளே.
யானைவேலி கேட்டுப் பாலிநகர்ச் சனம் தந்த மனுக்கள் உள்ளே.
ஒருவருக்கும் கொடுக்காத துண்டுப்பிரசுரம்
இரண்டு கட்டு உள்ளே.
என் குடையும்.

வவுனிக்குளம் வான் பாய்ந்த அன்று
இருவருக்கும் தனித்தனியே ஃபோன் எடுத்தேன்.
குடை வேண்டும் என்றேன்.
'அவன் முதல் திறக்கட்டும்' என்றார் ஒருவர்.
மற்றவரும் அதைத்தான் சொன்னார்,
இன்னும் இரண்டு சொல் சேர்த்து.

வந்தார்கள்.
ஒருவர் தலையில் ஷொப்பிங் பை கவிழ்த்துக்கொண்டு
மோட்டார் சைக்கிளில்.
மற்றவர் ஓட்டோவில், காசு பேசியபடி.
திறப்பை மற்றவர் கண்ணில் படாமல் மறைத்து மறைத்து
தங்கள் தங்கள் பூட்டைத் திறந்தார்கள்.

கறையான் எங்கள் யாப்பை
மூன்றாம் சரத்துவரை தின்றிருந்தது.
முத்திரை மேசையில் கிடந்தது,
எல்லாரும் பார்க்க, மை காய்ந்து.
தான் தொட்டால் மற்றவனும் தொடுவான் என்று
இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

குடையை எடுத்தேன்.
மனுக் கோவையையும் எடுத்தேன்.
அதை ஏன் எடுக்கிறாய் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் தொடங்கியது:
யார் முதலில் பூட்டுவது.
முதல் பூட்டுகிறவன் முதல் போகவேண்டும்,
பிறகு பூட்டுகிறவன்
கதவோடு தனியே நிற்பான்.
தகரத்தில் மழை இரைந்ததால்
ஒருவர் சொன்னதை மற்றவர்
இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.
பல நாளுக்குப் பிறகு அவர்கள்
நேருக்கு நேர் பேசினார்கள்.

என் குடை பெரிது. இரண்டு பேர் போகலாம்.
ஒருவரைக் கூப்பிட்டால்
அதுவும் ஓர் அணியாகிவிடும்.

கோவையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
பிரதேச செயலகப் பக்கம் நடந்தேன்.
குடையில் ஒரு கம்பி முறிந்திருந்தது.
இடது தோள் நனைந்தது.